மூச்சு வாங்க ஓடினால் ஆனந்தம் வராது

கேள்வி: எனக்கு வயது 42. இரண்டு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு 3 கிலோமீட்டர் ஓடுகிறேன். 18 நிமிடத்தில் முடித்துவிடுவேன். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் மனசு லேசாகிவிடுகிறது என்கிறார்கள். எனக்கோ மூச்சிரைப்பும் கால் வலியும்தான் மிச்சம். எங்கே தப்பு?
– வாசகர், சென்னை

பதில்: வேகத்தில். ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்பது இரண்டு மாதப் பழக்கத்துக்கு அதிகம். நீங்கள் ஓடுவது நெடுந்தூர ஓட்டமே அல்ல. தினமும் ஒரு குட்டிப் பந்தயம்.

ஓட்டத்தின் மகிழ்ச்சிக்கு, உடலே சுரக்கும் வலிநிவாரணியான ‘எண்டார்ஃபின்’தான் காரணம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தோம். அதில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தில் ஊறும் பீட்டா எண்டார்ஃபின் பெரிய மூலக்கூறு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அது எளிதில் தாண்டாது. மூளைக்குள்ளேயே அது சுரக்கலாம்தான். ஆனால் 2021-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் 63 பேரை 45 நிமிடம் ஓடவிட்டார்கள். எண்டார்ஃபின் வேலை செய்யாதபடி தடுக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை கொடுத்தும், ஓடியவர்களுக்கு உற்சாகம் கூடியது, பதற்றம் தணிந்தது. ஆகவே இன்று சந்தேகம் அதிகம் விழுவது, உடலிலேயே உருவாகும் ஆனந்தமைடு என்ற பொருள் மீது. 1992-இல் ஜெருசலேமில் கண்டறியப்பட்ட இந்தப் பொருளுக்கு, நம் ‘ஆனந்தம்’ என்ற சொல்லை வைத்தே பெயரிட்டார்கள். கொழுப்பில் கரைவதால் மூளைக்குள் சுலபமாக நுழைந்துவிடும்.

உங்களுக்கு வேண்டிய விவரம் இனிதான். ஆனந்தமைடு மெதுவாக நடந்தால் அவ்வளவாகக் கூடுவதில்லை. மூச்சு முட்ட ஓடினாலும் அப்படியே. அதிகபட்ச இதயத் துடிப்பில் சுமார் 70 முதல் 80 சதவீதம் வரையான மிதமான ஓட்டத்தில்தான் ஏறுகிறது. 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். உங்களுக்கு நிமிடத்துக்கு 179. அதாவது 125-க்கும் 143-க்கும் நடுவே ஓட வேண்டும். துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் இல்லையா? ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது.

முதல் இரண்டு வாரம் 2 நிமிடம் மெல்லோட்டம், 1 நிமிடம் நடை என்று பத்து முறை. அடுத்த இரண்டு வாரம் 4 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, ஏழு முறை. பிறகு 9-க்கு 1 என நான்கு முறை. ஏழாவது வாரத்தில் 45 நிமிடம் தொட்டுவிடலாம். கிலோமீட்டருக்கு 8, 9 நிமிடம் ஆனாலும் ஆகட்டும். காலனி நடைப்பயிற்சிக்காரர் முந்திப் போனால் போகட்டும், வணக்கம் சொல்லி அனுப்புங்கள்.

தினமும் வேண்டாம், வாரத்துக்கு நான்கு நாள் போதும். எலும்பும் தசைநாணும் இதயத்தைவிட மெதுவாகப் பழகுபவை. மூச்சு தேறிய தைரியத்தில் தூரத்தைக் கூட்டும்போதுதான் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரம் வலி கிளம்பும். நீளவாக்கில் பரவலாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தால் தணியும். விரல் நுனி வைத்து ஒரே புள்ளியில் அழுத்தும்போது சுரீரென்றால், எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அதேசமயம் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளியும் விடாதீர்கள். ஓட்டம் இன்சுலினை நன்றாக வேலை செய்யவைப்பது ஏறக்குறைய ஒன்று, இரண்டு நாள் வரைதான்.

ஏழு மணியையும் மாற்றுங்கள், வெயில் ஏறுமுன் ஐந்தரைக்குக் கிளம்புங்கள். கடலோர ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகும், உடம்பு குளிராது. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்குத் திரும்புவதால், அதே வேகத்திலும் துடிப்பு எகிறும். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்குத் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் போதும். லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே நெடுநேரம் ஓடினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். அது உயிருக்கே ஆபத்து.

பெரிய பரவசத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அது எல்லோருக்கும் வருவதில்லை. பலருக்கு வருவது ஓர் அமைதி: ஓடி முடித்துக் குளித்தபின், காலையில் உறுத்திய விஷயம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. மேலே சொன்ன கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது, பேச்சுச் சோதனைதான் சரி. இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளவும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நின்று, அன்றே மருத்துவரைப் பாருங்கள்; நின்றும் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.