முற்றுப்புள்ளி வைத்த கைகள்

கேள்வி: முதல் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவில், மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதும் நனவோடை, சோதனை எழுத்து என்று கிளம்பினார்களே, முற்றுப்புள்ளிகூட வைக்காமல் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் வாசகனை மிரட்டும் வித்தைதானே?

பதில்: முற்றுப்புள்ளி என்றதும் என் கை பரபரக்கிறது. ஈய எழுத்துக் காலத்து அச்சகத்தில் வளர்ந்தவன் நான். அங்கே முற்றுப்புள்ளி என்பது விரல் நுனியில் எடுத்து வைக்கிற ஒரு சின்ன ஈயத் துண்டு.

அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலின் கடைசி அத்தியாயத்தைத்தான் சொல்கிறீர்கள். அதில் மாலி ப்ளூம் என்ற பெண் நடுராத்திரியில் விழித்துக் கிடக்கிறாள். அவள் கால்மாட்டில் தலை வைத்துக் கணவன் தூங்குகிறான். அத்தியாயம் முழுக்க எட்டே வாக்கியங்கள். தூக்கம் வராத ராத்திரியில் உங்கள் நினைப்பு எப்படி ஓடுகிறது? பால் கணக்கில் ஆரம்பித்து, செத்துப்போன பெரியப்பாவிடம் போய், பழைய அவமானம் ஒன்றில் முட்டித் திரும்புகிறதே, அதில் எங்கே புள்ளி வைப்பீர்கள்?

அந்த நாவலை அச்சுக் கோத்தது பிரான்சில், தீஜோன் நகரத்து அச்சகம் ஒன்றில். பிழை பார்க்க அனுப்பும் சோதனை அச்சுத் தாள்தான் புரூஃப். ஜாய்ஸ் புரூஃப் திருத்தவில்லை, புரூஃபிலேயே எழுதினார். நாவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படிச் சேர்ந்ததுதான். 1922 பிப்ரவரி 2, அவருடைய 40ஆவது பிறந்த நாளன்று, முதல் இரண்டு பிரதிகள் ரயிலில் பாரிஸ் வந்தன. பதிப்பாளர் சில்வியா பீச் ஸ்டேஷனுக்கே போய் வாங்கிவந்தார். அச்சுப் பிழைகளைப் பொறுத்தருளும்படி உள்ளே ஒரு குறிப்பு. அத்தனையும் கோத்த கம்பாசிட்டர்களின் பெயரை எந்த விமர்சகராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு இது தீராத கோபம். எங்கள் அச்சகத்தில் ஓர் எழுத்தாளர் மூன்றாம் புரூஃபில் முழுப் பத்தியை நுழைத்தார். விடிய விடியப் பிரித்துக் கோத்தவருக்கு முன்னுரையில் ஒரு வரி நன்றி சொல்லக் கேட்டேன், மறுத்துவிட்டார். அவரோடு இன்றுவரை எனக்குப் பேச்சு இல்லை.

சரி, வித்தைக்கு வருகிறேன். இதே நனவோடையில் எழுதிய ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃப் தன் கையாலேயே அச்சுக் கோத்தவர். 1917இல் ரிச்மண்டில் அவரும் கணவர் லெனர்டும் வீட்டிலேயே கை அச்சு இயந்திரம் வைத்தார்கள். கவிஞர் எலியட்டின் 'பாழ்நிலம்' என்ற நெடுங்கவிதையின் 1923 பதிப்பை எழுத்தெழுத்தாகக் கோத்தது வர்ஜீனியாவின் கை. எந்தக் குறிக்கு என்ன கனம் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

அவருடைய 'டு த லைட்ஹவுஸ்' (1927) நாவலின் நடுப்பகுதியில் பத்து வருடம் ஓடுகிறது. ஆளில்லாத வீட்டில் சுவர்க் காகிதம் உரிந்து தொங்குகிறது, புத்தகங்களில் பூஞ்சை படர்கிறது. அந்த வீட்டுக் குடும்பத்தின் பெரிய சேதிகள் வருவது சதுர அடைப்புக்குறிக்குள். ஓர் இருட்டுக் காலையில் குடும்பத் தலைவர் ராம்சே தடுமாறி நடந்து வந்து கைகளை நீட்டுகிறார். முந்தைய இரவு மனைவி இறந்துவிட்டதால் நீட்டிய கைகள் வெறுமையாகவே நிற்கின்றன. முதல் பகுதி முழுக்க அந்த வீட்டுக்கு உயிராக இருந்தவளின் சாவு, ஒரே வாக்கியத்தில், அதுவும் போகிற போக்கில்! கொஞ்சம் தள்ளி இன்னோர் அடைப்புக்குறி: பிரான்சில் குண்டு வெடித்து இருபது முப்பது இளைஞர்கள் போய்விட்டார்கள், அதில் அவள் மகன் ஆண்ட்ரூவும் ஒருவன். போர்க்களத்திலிருந்து வீடுகளுக்கு வந்த தந்திகள் அவ்வளவு நீளம்தான் இருந்திருக்கும்.

அந்த நடுப்பகுதி சுமார் இருபது பக்கம். இந்த வாரம் படித்துவிட்டு, மிரட்டுகிறதா என்று எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.