சி.ஆர்.பி. குறைந்துவிட்டது, இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. நாற்பது வருஷம் விறகடுப்பு. பீடி சுற்றியவர், பிடித்ததில்லை. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்ட இளைப்பு தரும் நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். லேபில் ரத்தம் கொடுத்தபோது சி.ஆர்.பி. 11, ஈ.எஸ்.ஆர். 42. உள்ளே அழற்சி என்றார்கள். பக்கத்து வீட்டில் சொன்ன கஷாயத்தை ஒரு மாதம் குடித்தார். இப்போது சி.ஆர்.பி. 4. இனி இன்ஹேலர் எதற்கு என்கிறார். ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.
- வாசகர், பேர்ணாம்பட்டு

பதில்: நிறுத்த வேண்டாம். மீதியை அப்புறம் பேசலாம்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் புரதம். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் ஏறும், ஆறினால் சில நாளில் இறங்கிவிடும். எங்கே என்று மட்டும் சொல்லாது. ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவருக்கு 38 என்று வந்தது. நெஞ்சில்தான் கோளாறு என்று நானும் இரண்டு வாரம் அலைய விட்டேன். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் சீழ்! உங்கள் அம்மாவுக்கு 11 ஆக இருந்தது சாதாரணச் சளியாகவும் இருந்திருக்கலாம். சி.ஓ.பி.டி.காரர்களுக்கு நல்ல நாளிலேயே கொஞ்சம் கூடுதலாக இருப்பதும் உண்டு. 4 ஆனதால் புகையில் சுருங்கிப்போன மூச்சுக்குழாய் விரிந்துவிடாது. அதை அளப்பது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதச் சொல்கிற டெஸ்ட். ரிப்போர்ட்டில் அதைக் காணோம்; எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள்.

ஈ.எஸ்.ஆர். என்பது ரத்தச் சிவப்பணு படியும் வேகம். 42க்குப் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் 9.4 என்று மேலேயே இருக்கிறதே, ரத்தசோகையே அதை ஏற்றிவிடும். அந்தச் சோகையும் மூச்சு வாங்க வைக்கும், அதைக் கவனியுங்கள்.

லேபில் யாரும் வட்டம் போடாத ஒரு வரி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மொத்த வெள்ளணு 9,200, அதில் ஈஸ்னோபில் என்ற வகை 5 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், 460 வரும். நம் பக்கம் இளைப்பு வந்தாலே "ஈஸ்னோபீலியா" என்போமே, அதே அணுதான். சி.ஓ.பி.டி.யில் மருந்தைத் தேர்ந்தெடுக்க இன்று உதவுகிற ரத்த எண் இதுதான். அடிக்கடி மூச்சுத் திணறல் அதிகமாகிறவருக்கு இது 300க்கு மேல் இருந்தால் இன்ஹேலரில் ஸ்டீராய்டும் சேர்ப்பது பலன் தரும். 100க்குக் கீழே என்றால் பலன் குறைவு, நிமோனியா பயம்தான் மிச்சம். குடல் புழு இருந்தாலும் இது ஏறும், ஸ்டீராய்டு மாத்திரை போட்டிருந்தால் இறங்கிவிடும். அதனால் திணறல் இல்லாத நாளில் இன்னொரு முறை எடுத்து, மலப் பரிசோதனையும் செய்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் வெள்ளணுவின் மொத்தமும் வகைவாரி எண்ணிக்கையும் பார்க்கிற டெஸ்ட் ஒன்றே போதும், பேக்கேஜ் வேண்டாம்.

அப்படியானால் சி.ஆர்.பி. வீணா? இல்லை, திடீரென்று திணறல் கூடும்போது அதற்கு வேலை உண்டு. 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அப்படி வந்த 653 பேரில் பாதிப் பேருக்கு சி.ஆர்.பி. பார்த்து முடிவெடுத்தார்கள். ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் மற்றப் பாதியில் 77 சதவீதம், இவர்களில் 57தான்; அதனால் கெடுதல் கூடியதாகத் தெரியவில்லை. 20க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. மாதாமாதம் எடுத்துப் பார்க்க மட்டும் அது சர்க்கரை டெஸ்ட் அல்ல.

கஷாயத்தில் சுக்கு மிளகுதான் என்றால் குடிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வெந்நீர் போட இன்னும் கொல்லையில் விறகு எரிகிறதா? கடிதத்தில் அதை எழுதவில்லையே. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இன்ஹேலரையும் எடுத்துப்போய், அவர் எதிரிலேயே அம்மாவை உறிஞ்சிக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் மருந்தை நாக்கில்தான் அடித்துக்கொள்கிறார்கள்.