போர்டிங் பிள்ளைகள்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நீங்கள் சபை நடத்திய போர்டிங்கில் தங்கிப் படித்தவர் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இதை உங்களிடம் கேட்கிறேன்.

போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் எங்கள் சபையிலிருந்து 11 பேர் வட தாய்லாந்துக்குப் போனோம். சியாங் ராய் மலைப்பக்கம் ஒரு மாணவர் விடுதி. ஆக்கா, லாஹு இனப் பிள்ளைகள் 34 பேர் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். எங்கள் சபை 3 ஆண்டுகளாக மாதாமாதம் பணம் அனுப்புகிறது. திரும்பி வரும் விமானத்தில், உயர்நிலை 3 படிக்கும் என் மகள் கேட்டாள்: "அம்மா, அவங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்களே. அப்புறம் ஏன் அநாதைப் பிள்ளைங்க மாதிரி ஒரு இடத்துல வச்சு, நாம சோறு போட்டு, நம்ம சாமியைச் சொல்லிக் கொடுக்கிறோம்?" எனக்குப் பதில் வரவில்லை.

என் கணவர் சொல்வது வேறு. அந்தப் பணத்தில் நம் ஊரிலேயே, தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு விடுதி தொடங்கலாமே என்கிறார். வருகிற மார்ச்சில் சியாங் ராய் விடுதியில் 3 பிள்ளைகள் பள்ளி இறுதி வகுப்பை முடிக்கிறார்கள். அவர்கள் முகம் கண்ணிலேயே நிற்கிறது. நாங்கள் செய்வது சரியா, ஐயா?

ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அவள் கேட்டதில் பாதி நான் பன்னிரண்டு வயதில் கேட்டது.

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். அப்பா பனையேறி. பங்குனி பிறந்தால் பதநீர் காலம். வீட்டைப் பூட்டிவிட்டு விடிலிக்குப் போய்விடுவோம். பனங்காட்டுக்குள் ஓலையால் வேய்ந்த குடிசைதான் விடிலி. அம்மா அங்கே பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். முழுப் பரீட்சை நடப்பதும் அந்த நாட்களில்தான். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி இருந்தது. உயர்நிலைப் பள்ளிக்கு 14 கிலோமீட்டர் போக வேண்டும். சம்பளம் கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் எங்கள் தெருவில் என் வயதுப் பையன்கள் ஒன்பது பேரில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது இரண்டே பேர். மற்றவர்களுக்குப் படிப்பு வராது என்று யாரும் சொல்லவில்லை. இராத்திரி எங்கே படுப்பது, எங்கே சாப்பிடுவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

அந்த இரண்டையும் போர்டிங் தீர்த்தது. ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு தட்டு. காலையில் மணி அடித்தால் ஜெபம், அப்புறம் ஸ்டடி, அப்புறம் கஞ்சி. சுற்று வட்டாரச் சபைகளில் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தக் கைப்பிடி அரிசியில் ஒரு பங்கு எங்கள் சமையல் கட்டுக்கு வரும். பல வீட்டு அரிசி கலந்திருப்பதால் சோறு ஒரே பதமாக வேகாது. அதைச் சாப்பிட்டுத்தான் நான் படித்தேன்.

ஆகவே 'அநாதை' என்ற சொல்லை உங்கள் மகள் மறுத்தது சரி. நாங்கள் அநாதைகள் இல்லை. தூரத்தில் இருந்த வீட்டின் பிள்ளைகள். சியாங் ராயில் நீங்கள் பார்த்த 34 பேரும் அப்படித்தான். இதைச் சபையில் பேசும்போதும் படம் காட்டும்போதும் சரியாகச் சொல்ல வேண்டும். அநாதை என்று சொன்னால் காணிக்கை அதிகம் சேரும் என்பது உண்மை. அதனாலேயே பல நாடுகளில் பெற்றோர் இருக்கிற பிள்ளைகளை இல்லங்களில் நிரப்புவது ஒரு தொழிலாகிவிட்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இதைக் குறிப்பிட்டே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நீங்கள் உதவும் விடுதி அப்படிப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகள் எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போகிறார்கள், அந்தப் பயணச் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் போர்டிங்கில் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகப் பஸ் காசு கொடுப்பார்கள். அந்தக் காசு இல்லாமல் போயிருந்தால் ஐந்து வருடத்தில் நான் அம்மாவுக்கு அந்நியனாகியிருப்பேன்.

தாய்லாந்தில் இன்னும் இப்படி விடுதிகள் ஏன் தேவைப்படுகின்றன என்று உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். அங்கே தொடக்கப்பள்ளி 'பிரதோம்' 1 முதல் 6 வரை, அதற்கு மேல் 'மத்தயோம்' 1 முதல் 6 வரை. பிரதமம், மத்தியமம் என்ற வடசொற்கள்தான் தாய் மொழியில் அப்படித் திரிந்திருக்கின்றன. கட்டாயக் கல்வி மத்தயோம் 3 வரை, மொத்தம் 9 ஆண்டுகள். 1999-இல் வந்த கல்விச் சட்டம் 12 ஆண்டு இலவசக் கல்வியை உரிமையாக்கியது. ஆனால் மலைக் கிராமத்துப் பள்ளி பெரும்பாலும் பிரதோம் 6-உடன் முடிந்துவிடும். சில பள்ளிகளை மத்தயோம் 3 வரை நீட்டியிருக்கிறார்கள். மத்தயோம் 4, 5, 6 படிக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி ஊருக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் மண்பாதை சேறாகிவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தினமும் ஏறி இறங்க முடியாது. அரசும் உறைவிடப் பள்ளிகள் நடத்துகிறது, ஆனாலும் எல்லா மலைக்கும் அவை எட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த மலைகளில் பலருக்குக் குடியுரிமை கிடையாது. அடையாள எண் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் 'ஜி' என்று தொடங்கும் ஓர் எண்ணைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். 2005-இல் அமைச்சரவை எடுத்த முடிவினால் ஆவணம் இல்லாத பிள்ளைகளும் படிக்க முடிகிறது. படித்து முடித்த பிறகுதான் சிக்கல். அரசின் கல்விக் கடன் கிடைக்காது, பல வேலைகளுக்கு மனுப் போட முடியாது. 2024 அக்டோபரில் தாய்லாந்து அமைச்சரவை ஏறத்தாழ 4,83,000 பேருக்கு நிரந்தரவாசமும் குடியுரிமையும் விரைவாகக் கிடைக்க வழி செய்தது. வழி திறந்தாலும் தாளைத் தேடி எடுத்து, மாவட்ட அலுவலகத்தில் வரிசையில் நிற்க ஒரு பெரியவர் துணை வேண்டும். நல்ல வார்டன் ஒருவர் செய்யக்கூடிய பெரிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, சாமி விஷயத்துக்கு வருகிறேன். நான் கிறிஸ்தவன், கிறிஸ்தவனாகவே சொல்கிறேன்.

போர்டிங்கில் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவன் ஓர் இந்துப் பையன். மாலை ஜெபத்தில் எங்களோடு உட்காருவான், என்னைவிட நன்றாகப் பாடுவான். வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது நெற்றியில் திருநீறு இருக்கும். முதல் மூன்று வருடம் இருந்த வார்டன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஒன்பதாம் வகுப்பு போனபோது புது வார்டன் வந்தார். அந்த ஆவணியில் அவன் ஊர் அம்மன் கோயில் கொடைக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினான். "இங்கே சாப்பிட்டுவிட்டு அங்கே போய்க் கும்பிடுவாயா?" என்று கேட்டு அவன் பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் தினமும் சைக்கிளில் வந்து போனான். கார்த்திகை மழைக்குப் பிறகு வரவில்லை. மெட்ராஸில் ஒரு மளிகைக் கடையில் சேர்ந்துவிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கணக்கில் எங்கள் வகுப்பிலேயே அவன்தான் முதல். பெட்டி வெளியே போனபோது நான் அங்கேதான் நின்றேன், வாய் திறக்கவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

ஜெபம் நடக்கட்டும். பாட்டு நடக்கட்டும். நடத்துகிறவர்கள் எதை நம்பி அந்த மலையில் தங்கியிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளையிடம் ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் படுக்கைக்கும் சோற்றுக்கும் வாடகையாக அந்த நம்பிக்கையைக் கேட்கக் கூடாது. நற்செய்தியைக் கொடுக்கத்தான் முடியும், பண்டமாற்று செய்ய முடியாது. உங்கள் விடுதியில் ஒரு பிள்ளை 'எனக்கு ஞானஸ்நானம் வேண்டாம், என் பாட்டியின் வழிதான் வேண்டும்' என்று சொன்னால் அடுத்த வருடமும் அதற்குப் பாய் உண்டா? இதை நேராகவே கேளுங்கள். உண்டு என்றால் மனநிறைவோடு கொடுங்கள். தயங்கினால், பணம் அனுப்புகிறவர்கள் என்ற முறையில் உங்கள் சபை அதை எழுத்தில் வாங்க வேண்டும். நான் பதினான்கு வயதில் செய்யாததை நீங்கள் இப்போது செய்யலாம்.

இந்த விடுதிக் கதை நம் சிங்கப்பூருக்கும் புதிதில்லை. பெங்களூரில் பிறந்த மெதடிஸ்ட் மிஷனெரி வில்லியம் ஓல்டம் 1886 மார்ச் 1 அன்று அமோய் ஸ்ட்ரீட்டில் 13 பையன்களோடு ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டே வருடத்தில் விடுதி வந்துவிட்டது. ஓல்டம் ஹால் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. 1887 ஆகஸ்டில் சோஃபியா பிளாக்மோர் என்ற மிஷனெரி அம்மையார் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது பெண்பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளி தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளுக்கான பள்ளி அது. இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான். சில ஆண்டுகளில் அவரும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தங்கும் இல்லம் தொடங்கினார். தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இன்று நிற்கிற அதே ஷார்ட் ஸ்ட்ரீட்தான். உங்கள் மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் நடக்க வைத்து இதைச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் யோசனையை நான் தள்ளவில்லை. ஆனால் தாய்லாந்தா நம் ஊரா என்று அவர் பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள், வேதநாயகம் அசரியாவும் நண்பர்களும், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அப்போதும் ஊரில் வறுமை குறைவாக இல்லை.

தவிர, நம் ஊர் மாறிவிட்டது. நான் 14 கிலோமீட்டர் தூரம் என்று சொன்ன பள்ளிக்கு இப்போது எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ் போகிறது. மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ், பிளஸ் ஒன்னில் சைக்கிள், எல்லாம் அரசு கொடுக்கிறது. பஸ் போகிற இடத்தில் விடுதி கட்டிப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பது தவறு. எங்கள் போர்டிங்கையே ஆள் குறைந்து மூடிவிட்டார்கள். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தமிழ்நாட்டில் இன்றும் தேவை இருப்பது கல்வராயன், ஜவ்வாது மாதிரியான மலைகளில். அங்கே அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் துணை நிற்கலாம்.

பணம் அனுப்புவதற்கும் விதிகள் உண்டு. உங்கள் கணவர் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்திருந்தால், அவர் இந்தியாவில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது அதில் வராது. வெளிநாட்டு நன்கொடைக்கென்று இந்தியாவில் உள்ள சட்டம் 2020-இல் இறுகியது. பணம் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும், ஓர் அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பே, 2017-இல், கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது 1,40,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்த உதவி நின்றுபோனது. விடுதி நடத்தத் தமிழ்நாட்டின் 2014 விடுதிகள் சட்டப்படி பதிவும் வேண்டும். நல்ல மனசு மட்டும் போதாது. இங்கே சிங்கப்பூரிலும், வெளிநாட்டு அறப்பணிக்கென்று பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. திரட்டியதில் 80 சதவீதத்தை உள்ளூரில் செலவிட வேண்டும் என்பது பொது விதி. உங்கள் சபைப் பொருளாளருக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கொடுக்கிற பணம் எதற்குப் போகிறது என்று பாருங்கள். கட்டடத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் கொடுக்க எப்போதும் ஆள் உண்டு. வார்டன் சம்பளத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. பெண்பிள்ளைகள் பக்கத்தில் இராத்திரி படுக்கிற அக்கா யார், அவருக்கு மாதம் எவ்வளவு, அவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்? வருடா வருடம் ஆள் மாறுகிற விடுதியை நான் நம்பமாட்டேன். நீங்கள் 11 பேர் போன விமானச் செலவில் அந்த அக்காவுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்றும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மகள் போனதால்தானே இந்தக் கேள்வி பிறந்தது.

மார்ச்சில் மத்தயோம் 6 முடிக்கிற அந்த மூன்று பேர் அடுத்து எங்கே போகிறார்கள்? அடையாள அட்டை மூவருக்கும் இருக்கிறதா? விடுதியில் விசாரித்து எனக்கு எழுதுங்கள். அட்டை இல்லாதவர் யாராவது இருந்தால், அவரோடு மாவட்ட அலுவலகத்துக்கு யார் போகிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.