மனிதர்கள் இருப்பதை வைத்துப் பேரண்டத்தை விளக்குவது அறிவியலாகுமா?

‘நமக்காகவே பேரண்டம் இப்படி அமைந்தது’ என்றால் ஆகாது. ‘வேறு விதமான இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்காது’ என்பதுதான் வாதம்.

இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1987இல் போட்ட கணக்கைப் பாருங்கள். வெறும் வெளிக்கே உரியது வெற்றிடத்தின் ஆற்றல்; விண்வெளியை விரியத் தூண்டுவது அது. அது மிக அதிகமாக இருந்தால், பருப்பொருள் ஒன்றுகூடும் முன்பே விண்வெளி விரிந்து சிதறிவிடும். விண்மீன் திரள்கள் உருவாகா. எனவே வெற்றிட ஆற்றலின் அடர்த்தி இன்றைய பருப்பொருள் அடர்த்தியைப் போலச் சில நூறு மடங்குக்குள்தான் இருக்க முடியும் என்றார். அது சுழி என்றே பலரும் நம்பிய காலம். 1998இல் சூப்பர்நோவா (வெடிக்கும் விண்மீன்) அளவீடுகள் காட்டியது சுழியல்ல. பருப்பொருளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு! இதற்குப் பிறகு இந்த வாதத்தை வெறும் தத்துவம் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆனால், வெவ்வேறு வெற்றிட ஆற்றல் கொண்ட பகுதிகள் உண்மையிலேயே இருந்தால்தான் வாதம் நிற்கும். அண்டவியலாளர்கள் விலென்கினும் லிண்டேயும் முன்வைத்த ‘முடிவில்லா வீக்கம்’ என்ற கருத்து அதற்கு இடம் தருகிறது. வீக்கம் என்பது விண்வெளியின் அதிவேக விரிவு: ஓரிடத்தில் வீக்கம் நின்று குமிழி அண்டம் பிறக்க, வேறிடத்தில் அது தொடர்கிறது. சிக்கலும் அங்கேதான். எந்த அளவு ஆற்றலை நாம் காண வாய்ப்பு அதிகம் என்று சொல்ல, பெரும்பாலான குமிழிகள் எப்படிப்பட்டவை என்று எண்ண வேண்டும். குமிழிகள் முடிவிலி என்றால் ‘பெரும்பாலானவை’ என்பதற்கு என்ன பொருள்? எண்ணும் முறையை மாற்றினால் நிகழ்தகவே மாறிவிடுகிறது. எந்த முறை சரி என்பதில் அண்டவியலாளர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.