‘டூ காம்’ என்று எழுதினால் ஏன் பிழை?

தம்பி, பாசிக்குடா விடுதியில் வேலை செய்வதாகவும், கடல் மிகவும் அமைதி என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘தி சீ இஸ் டூ காம்’ (The sea is too calm) என்று எழுதியதற்கு வெளிநாட்டு விருந்தாளி ‘அதில் என்ன பிரச்சினை?’ என்று கேட்டதாகவும் சொல்லியிருந்தீர்கள். இலக்கணம் சரி, சொல்தான் மாறிவிட்டது. ‘கறிக்கு உப்புக் கூடிப்போச்சு’ என்கிறோமே, அந்தக் ‘கூடிப்போச்சு’தான் ‘டூ’. அளவு மீறி ஏதோ கெட்டுப்போனது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. பாசிக்குடாக் கடலின் அமைதி நல்ல விஷயமல்லவா? அதற்கு ‘வெரி காம்’ என்று எழுதுங்கள்.

‘ஃபியூ ரூம்ஸ்’ என்பதும் இதே மாதிரிதான். ‘சில அறைகள் இருக்கு’ என்றால் ‘எ ஃபியூ’. ‘சில அறைகள்தான் இருக்கு’ என்றால் வெறும் ‘ஃபியூ’. நம்முடைய ‘தான்’ செய்யும் வேலையை அங்கே அந்தச் சின்ன ‘எ’ இல்லாமல் போவது செய்கிறது. எனக்கு இது பிடிபடவே பல வருடங்கள் எடுத்தது.

அப்புறம் மெனி, மச். தயிர்ச் சட்டியை எண்ணலாம், அதற்கு மெனி. தயிரை எண்ண முடியாது, அதற்கு மச். ஆனால் ‘வீ ஹாவ் மச் கேர்ட்’ என்றால் காதுக்கு ஒட்டாது; மச் கேள்வியிலும் மறுப்பிலும்தான் இயல்பாக வரும். மற்ற இடத்தில் ‘எ லொட் ஒவ்’ போடுங்கள், சட்டிக்கும் தயிருக்கும் அதுவே போதும்.