இடமில்லை என்றால் ஊசியா?

கேள்வி: விலங்கு நல அமைப்பு ஒன்று நடத்தும் காப்பகத்தில் வார இறுதிகளில் தன்னார்வலராக இருக்கிறேன். நாய்களை வெளியே நடத்திக்கொண்டு போவதும் கூண்டு கழுவுவதும் என் வேலை. அங்கே என்னிடம் ரொம்ப ஒட்டிக்கொண்ட ஒரு கறுப்பு நாய், நாலு வயது, நோய்நொடி எதுவும் கிடையாது. போன வாரம் பார்த்தால் அதன் கூண்டில் வேறு நாய். கேட்டதற்கு, “நடத்தை சரியில்லை, யாரும் தத்தெடுக்க மாட்டார்கள், கமிட்டி முடிவு” என்றார்கள். ஊசி போட்டுவிட்டார்களாம். தோழியிடம் புலம்பினால், “பீட்டாவே அதைத்தானே செய்கிறது” என்கிறாள். காப்பாற்றுவார்கள் என்று நம்பித்தானே மக்கள் பணம் கொடுக்கிறார்கள், இவர்களே கொல்லலாமா? நான் இனி அங்கே போகலாமா? அதை நானே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாமோ என்ற நினைப்பில் தூக்கம் போய்விட்டது. பெயர் வேண்டாம்.

பதில்: போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த நாயின் கோப்பைக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது போதாது, எழுதி வைத்திருப்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், காப்பகத்தில் போடும் ஊசி எல்லாம் ஒரே ரகம் கிடையாது. முதுகெலும்பு நொறுங்கி வந்த நாய், சிறுநீரகம் முழுக்கப் போய் வாந்தியெடுத்தே ஓய்ந்துவிட்ட பூனை, இவற்றுக்குப் போடுவதைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. முதலில் மயக்கமருந்து, அப்புறம் முன்னங்கால் நரம்பில் சோடியம் பென்டோபார்பிட்டல் என்ற மருந்து, சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும், சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும், மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு உறுதி செய்வார். ஒழுங்காகச் செய்தால் அந்த உயிருக்கு அதைவிடப் பெரிய உதவி அப்போது எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கறுப்பு நாய்க்கு வலியே இல்லையே. அதற்குப் போட்ட ஊசி யாருக்காக?

“நடத்தை சரியில்லை” என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த முத்திரை எப்படி விழுகிறது தெரியுமா? பல காப்பகங்களில் கம்பு ஒன்றின் முனையில் பிளாஸ்டிக் கையை மாட்டி, நாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டை மெல்ல இழுத்துப் பார்க்கும் சோதனை உண்டு. உறுமினால் ஒரு குறி, கடித்தால் கதை முடிந்தது. புது இடம், ராத்திரி முழுக்கக் குரைப்புச் சத்தம், பக்கத்துக் கூண்டில் முன்பின் தெரியாத நாய், இதற்கு நடுவே சோற்றுத் தட்டை ஒரு பொம்மைக் கை பிடுங்கினால் எந்த நாய்தான் உறுமாது? இங்கே உறுமிய நாய்களில் நிறைய, வீட்டுக்குப் போனதும் அப்படிச் செய்வதில்லை என்று ஆய்வுகளே சொல்லிவிட்டன, அதனால் இந்தச் சோதனையைக் கைவிட்ட காப்பகங்களும் இருக்கின்றன. இன்னொன்று, நீங்களே கூண்டு கழுவும்போது பார்த்திருப்பீர்கள்: வந்த புதிதில் வாலாட்டிய நாய் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் ஒரே இடத்தில் வட்டமடிக்க ஆரம்பிக்கும், சுவரில் மோதிக் குதிக்கும், கம்பியைக் கடித்துக் கடித்துப் பல் தேய்ந்துவிடும். காப்பகமே உண்டாக்கிய கோளாறை நாயின் குணம் என்று எழுதி ஊசி போட்டால் அதை நான் விலங்கு நலம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, கமிட்டி பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். யார் கொண்டுவந்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் காப்பகம் என்றால் கூண்டு நிரம்பாமல் இருக்காது. அதே கூண்டில் வேறு நாய் இருந்தது என்கிறீர்களே, ஒருவேளை அதற்கு அன்றைக்குப் போக்கிடமே இல்லாமல் இருந்திருக்கலாம். “கொல்லாத காப்பகம்” என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களில் பல, தத்துப் போகக்கூடிய விலங்குகளாகப் பார்த்துத்தான் உள்ளே விடும். மிச்சமெல்லாம் யார் தலையில் விழுகிறது? கதவைச் சாத்த முடியாத பக்கத்துக் காப்பகத்தின் தலையில். ஒருவர் கையில் அழுக்குப் படாமல் இருக்க இன்னொருவர் கையை நனைக்கிறார், அவ்வளவுதான். தவிர, அமெரிக்காவில் அந்தப் பலகைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 90 சதவீதம் உயிரோடு வெளியே போக வேண்டும் என்பது. ஒன்றுகூடச் சாகாது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பீட்டா பற்றி உங்கள் தோழி சொன்னது உண்மை, ஆனால் பாதிதான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் நகரில் அவர்கள் நடத்தும் காப்பகத்துக்கு வரும் விலங்குகளில் பெரும்பாலானவை கொல்லப்படுகின்றன. இது யாரோ கிளப்பிய வதந்தி இல்லை, அந்த மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு காப்பகமும் வருடா வருடம் கொடுக்க வேண்டிய கணக்கிலேயே இருக்கிறது. மற்றவர்கள் கைவிட்டதும், வைத்தியத்துக்கு வழியில்லாதவர்கள் கடைசி நேரத்தில் கொண்டுவருவதும்தான் எங்களிடம் வருகிறது என்பது அவர்கள் பதில். அதில் நியாயம் உண்டு. ஆனால் 2014-இல் அதே மாநிலத்தில் ஒரு வீட்டு வாசலில் இருந்த மாயா என்ற சிவாவா நாயை அவர்களுடைய ஊழியர்கள் எடுத்துப்போய், சட்டப்படி 5 நாள் வைத்திருக்க வேண்டிய அதை அன்றைக்கே கொன்றுவிட்டார்கள். அபராதம் விழுந்தது, மன்னிப்புக் கேட்டார்கள், குடும்பம் போட்ட வழக்கு 2017-இல் 49,000 டாலருக்குச் சமரசமானது. கடைசிப் புகலிடம் என்ற பதிலுக்குள் மாயாவை அடக்க முடியாது. ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, ஏன் என்று கேட்க ஆளில்லை என்றால் நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கும் கை பழகிவிடுகிறது.

அப்படியானால் தடை போட்டுவிட்டால் தீர்ந்ததா? இத்தாலி 1991-லேயே சட்டம் போட்டது: தீராத நோய் அல்லது ஆபத்தான குணம் என்று நிரூபணமானால் ஒழிய, பிடித்த நாயைக் கொல்லக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் நாட்டின் சில பகுதிகளில் ஆயிரக்கணக்கான நாய்கள் ஆயுள் முழுக்கக் கூண்டிலேயே கழிக்கின்றன. தைவானும் 2017-இல் தடை கொண்டுவந்தது, அங்கேயும் காப்பகங்கள் நிரம்பி வழிந்தன. எண்ணிக்கை உண்மையில் எங்கே குறைந்தது என்று பார்த்தால் கருத்தடையிலும் தத்தெடுப்பிலும்தான். அமெரிக்கக் காப்பகங்களில் கொல்லப்பட்டவை 2011-இல் வருடத்துக்குச் சுமார் 26 லட்சம், 2019-இல் சுமார் 9 லட்சத்து 20 ஆயிரம் என்று அங்குள்ள பழைய விலங்கு நல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ. மதிப்பிட்டிருக்கிறது. எந்த வாசலில் நாய் உள்ளே வருகிறதோ அங்கே வேலை செய்தால்தான் பின்வாசல் அடைபடும்.

அதனால், கோப்பைக் கேட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நடத்தை தெரிந்த மருத்துவர் யாராவது அதைப் பார்த்தாரா, வேறு காப்பகத்திடம் கேட்டார்களா, தற்காலிகமாக வீட்டில் வைத்துக்கொள்ள ஆள் தேடினார்களா, யார் யார் கையெழுத்துப் போட்டார்கள், போன வருடம் எத்தனைக்கு எந்தக் காரணத்துக்காக ஊசி என்ற பட்டியல் வெளியே இருக்கிறதா. “முயன்றோம், முடியவில்லை, இடமில்லை” என்று நேராகச் சொல்லிப் பதிவேட்டைத் திறந்து காட்டினால், அங்கேயே இருங்கள் என்பேன், உங்களை மாதிரி ஆள் போய்விட்டால் இன்னொரு நாயை நடத்திக்கொண்டு போகவும் ஆள் குறையும். கறுப்பு நாய்க்கு நன்கொடையாளர்களிடம் ஒரு காரணம், உங்களிடம் ஒரு காரணம் என்று இருந்தால், அல்லது கேட்டதற்கே முகம் சுளித்தால், கிளம்பிவிடுங்கள். கிளம்பும்போது ஏன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒன்று மட்டும், ஊசி போட்ட ஊழியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முடிவெடுத்தது கமிட்டி, அந்த நாயைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது அவர். உங்களைப் போல அவருக்கும் தூக்கம் போயிருக்கலாம்.

தத்தெடுத்திருக்கலாமோ என்ற கேள்விக்கு: உங்களிடம் யாரும் சொல்லவே இல்லையே, எப்படி எடுத்திருப்பீர்கள்? தன்னார்வலர்கள் எல்லாரும் சேர்ந்து கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுங்கள், உடல்நலம் உள்ள எந்த விலங்குக்கும் ஊசி என்று முடிவானால் குறைந்தது இரண்டு நாள் முன்னால் தன்னார்வலர் குழுவுக்குச் சொல்லியாக வேண்டும் என்று. வாயால் ஒத்துக்கொண்டால் போதாது, காப்பக விதியில் எழுதி வாங்குங்கள். பழகிய நாய்க்கு அந்த இரண்டு நாளில் யாராவது ஒரு வீட்டுத் திண்ணையாவது கிடைக்கும்.