அது நியாயம் என்பதால்

ஐயா,

அமெரிக்க அடிமைமுறை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1865இல் கறுப்பின மக்களுக்கு விடுதலை கொடுக்கப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங் களத்துக்கு வருவதோ 1950களில். இடையில் தொண்ணூறு ஆண்டுகள் அவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

சும்மா இருக்கவில்லை. போராடி வாங்கினார்கள், வாங்கியதைப் பறிகொடுத்தார்கள். ராபர்ட் பிரவுன் எலியட்டின் வாழ்க்கை அதற்குச் சாட்சி. எனக்கே அவர் பெயர் மிகத் தாமதமாகத்தான் தெரியவந்தது என்பதில் வருத்தமுண்டு.

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்தில் தென் கரோலினாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான கறுப்பின வழக்கறிஞர் அவர். ரயில், விடுதி, நாடக அரங்கு, பள்ளி எதிலும் நிறம் பார்த்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்ற மசோதா விவாதத்தில் இருந்தது. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவராக இருந்தவர். கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே எங்கள் அரசின் அடிக்கல் என்று 1861இல் சவானாவில் முழங்கியவர்.

1874 ஜனவரி 6 அன்று எலியட் எழுந்தார். என் கருந்தோலைப் பார்த்து, சொந்த நலனுக்காகப் பேசுகிறேன் என்று எண்ண இடமுண்டு. ஆனால் இது நியாயம் என்பதாலேயே ஆதரிக்கிறேன் என்று தொடங்கினார். எதிரணியினர் பற்றிக்கொண்டிருந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பிரித்து, அது நியூ ஆர்லியன்ஸ் இறைச்சிக் கூடங்கள் பற்றியது, இந்த மசோதாவுக்குத் தடையாகாது என்று காட்டினார். பிறகு ஸ்டீபன்ஸ் பக்கம் திரும்பினார். அந்த அடிக்கல் பேச்சை நினைவூட்டி, நீங்கள் இந்த ஒன்றியத்தை உடைக்கப் பார்த்தபோது ஒன்றியத்தின் வெற்றிக்காகப் பிரார்த்தித்த ஐம்பது லட்சம் பேர்மீது இன்னமும் சுமையை வைக்கிறீர்களே என்று கேட்டார். அடிமை முறைக்காகவே அரசு கண்ட ஒருவரிடம், அதே அவையில் சக உறுப்பினராக நின்று கேட்டார். எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மெய்சிலிர்க்கிறது.

பள்ளிகள் பற்றிய பகுதி நீக்கப்பட்டு, 1875 மார்ச்சில் மசோதா சட்டமானது. அடுத்த ஆண்டு எலியட் மாநிலத் தலைமை வழக்கறிஞராகத் தேர்வானார். போருக்குப் பின் தெற்கில் கறுப்பர் உரிமைக்குக் காவலாக நின்ற கூட்டாட்சிப் படை 1877இல் ஒதுங்கிக்கொண்டதும் அந்தப் பதவி போயிற்று. 1883இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாததாக்கியது. விடுதியிலும் அரங்கிலும் சம உரிமை என்பது மறுபடியும் நாடு தழுவிய சட்டமாக 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் தொண்ணூறு ஆண்டுகள் அங்கேதான் போயின.

அந்தத் தீர்ப்பு வந்த மறு ஆண்டே, ஆகஸ்டில், நியூ ஆர்லியன்ஸில் எலியட் வறுமையில் இறந்தார்.